கல்கரிக்கு எந்த பிளாக் கரன்ட்: ரகமும் இடமும்

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: கனடாவின் கல்கரியில் வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் பென் லோமண்ட் என்ற ரகத்துப் பிளாக் கரன்ட் செடி (கறுத்த சிறு புளிப்புப் பழம் தரும் புதர்) ஒன்றை வாங்கி, குளிருக்கு அணைவாக இருக்கட்டும் என்று வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி நட்டிருக்கிறீர்கள். செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. மே மாதம் நன்றாகப் பூக்கிறது. பழம் மட்டும் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. "இந்த ரகம் இங்குள்ள குளிரைத் தாங்காது, இன்னும் உறுதியான ரகம் வாங்குங்கள்" என்று செடி விற்ற கடையில் சொன்னார்களாம். எந்த ரகம் வாங்குவது, பழைய செடியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

புதிதாக வாங்குவதென்றால் டைட்டேனியா வாங்குங்கள். இடம் இருந்தால் பக்கத்தில் ஒரு கான்சார்ட். ஆனால் அதையும் அதே தெற்குச் சுவர் ஓரம் நட்டால் அடுத்த ஆண்டும் இதே ஏமாற்றம்தான் வரும். உங்கள் செடியைக் குளிர்காலம் ஒன்றும் செய்யவில்லை. குளிர் தாக்கியிருந்தால் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வந்திருக்கும், மொட்டுகள் கருகியிருக்கும், பூவே வந்திருக்காது. நிறையப் பூக்கிற செடி குளிர்காலத்தை நல்லபடியாகத் தாண்டி வந்த செடி. பூ காயாக மாறும் அந்தச் சில நாட்களில்தான் சேதம் நடக்கிறது. அதைச் செய்வது வசந்தகால உறைபனி.

பிளாக் கரன்ட் வடக்கத்திய புதர்ச் செடி. ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை ஆற்றோரங்களிலும் ஈரமான காட்டு ஓரங்களிலும் தானாக வளர்வது. ஆகஸ்ட் மாதத்தில் பகல் நன்றாகக் குறைந்ததும் அது வளர்ச்சியை நிறுத்துகிறது. இலையிலுள்ள சத்தைத் தண்டுக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது, தண்டைக் கெட்டிப்படுத்துகிறது, மொட்டுகளை மூடுகிறது. நன்றாக உறங்கும் நிலைக்குப் போய்விட்ட செடிக்கு மைனஸ் 35 டிகிரி பெரிய விஷயமில்லை. ஆனால் அதே செடியின் விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியிலேயே செத்துவிடும். கடையில் தொங்கும் அட்டையில் 'ஸோன் 3' என்று போட்டிருப்பது தண்டும் வேரும் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பூ எப்போது வரும், அது எதைத் தாங்கும் என்பது அந்த அட்டையில் இல்லை. நம் ஊரில் பிளாக் கரன்ட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'இது எப்போது பூக்கும்' என்பதுதான்.

இதில் கல்கரிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது: சினூக் காற்று. மலையிலிருந்து இறங்கும் அந்த வெப்பக்காற்று ஜனவரியில் மைனஸ் 20-இல் கிடக்கும் ஊரைச் சில மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு மேலே கொண்டுபோகும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மைனஸ் 20. நமக்கு அது சந்தோஷம், செடிக்கு அது சோதனை.

ஏன் என்றால், இந்தச் செடியின் உறக்கத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. அந்த ஆழ்ந்த உறக்கம் கலைய ஒரு குறிப்பிட்ட அளவு குளிர் நேரம் அதற்குத் தேவை. பூஜ்யத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 7 டிகிரி வரையிலான குளிர்தான் அந்தக் கணக்கில் நன்றாகச் சேரும். ரகத்தைப் பொறுத்து ஆயிரம் மணி நேரத்துக்கு மேல்கூட வேண்டியிருக்கும். கடும் உறைகுளிர் அந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேராது. இந்தக் கடன் தீர்ந்த பிறகு இரண்டாம் கட்டம். இப்போது செடி உறங்குவது குளிரால் மட்டும்தான். வெப்பம் வந்தால் விழித்துக்கொள்ளத் தயாராக இருக்கும். அப்படி இருக்கும்போது சினூக் வந்து, செடியும் வெயிலை உள்வாங்கித் திருப்பி வீசுகிற தெற்குச் சுவரின் பக்கத்தில் இருந்தால், மொட்டு தன் குளிர்த் தாங்குதிறனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். ஏப்ரலில் சுவரோரத்து மண் மற்ற இடத்தைவிட முன்னதாகவே உருகும். செடி முன்னதாகவே துளிர்க்கும், முன்னதாகவே பூக்கும். அந்தப் பூ, மே மாத இரவு உறைபனிக்கு நேராகப் போய் நிற்கும். இங்கே மே கடைசி வரை உறைபனி சாதாரணம், சில ஆண்டுகளில் ஜூனிலும் வரும்.

நீங்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்த அணைவுதான் பழத்தைப் பறித்திருக்கிறது. வெப்ப நாட்டிலிருந்து வந்த நாம் செடியையும் நம்மைப் போலவே நினைத்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் பலவற்றில் பிளாக் கரன்ட் தெற்குச் சுவரோரம்தான் நிற்கிறது. அங்கே தக்காளியும் மிளகாயும் வையுங்கள், அவை உங்களை வாழ்த்தும். பிளாக் கரன்ட்டை வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ வையுங்கள். அரை நாள் வெயில் அதற்குப் போதும். பனி அங்கே நீண்ட நாள் கிடக்கும், மண் தாமதமாக உருகும், செடி தாமதமாக விழிக்கும். ஒரு வாரம் பிந்திப் பூத்தாலே விளைச்சல் தலைகீழாக மாறும் ஆண்டுகள் உண்டு. சரிவான நிலம் என்றால் பள்ளமான மூலையைத் தவிர்த்துவிடுங்கள். இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலக் கீழே இறங்கி அங்கேதான் தேங்கும்.

இதற்கு நேர் எதிரான கதை இங்கிலாந்தில் நடக்கிறது. அங்கே விளையும் பிளாக் கரன்ட்டில் பெரும்பங்கு ரிபீனா பானத்துக்குப் போகிறது. 1938-இல் பிரிஸ்டலில் தொடங்கிய பானம் அது. போர்க்காலத்தில் ஆரஞ்சு வரத்து நின்றபோது பிளாக் கரன்ட் சிரப்பைக் குழந்தைகளுக்கு வைட்டமின் சி-க்காக அரசே இலவசமாகக் கொடுத்தது. 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆரஞ்சில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த நாட்டு விவசாயிகளுக்கு இன்றைய கவலை குளிர்காலம் போதவில்லை என்பது. குளிர் நேரக் கடன் தீராத மொட்டுகள் ஒழுங்கில்லாமல் விரிகின்றன, பழம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஸ்காட்லாந்தில் டண்டீ அருகே உள்ள ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தில் குறைந்த குளிரிலும் ஒழுங்காகத் துளிர்க்கும் ரகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். குளிர் இந்தச் செடிக்கு எதிரி அல்ல, உணவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சரி, ரகங்களுக்கு வருகிறேன்.

உங்களிடம் இருக்கும் பென் லோமண்ட் மோசமான ரகம் இல்லை, அதைத் திட்ட வேண்டாம். 1975-இல் ஸ்காட்லாந்தில் வெளியிட்டது. அங்கே உருவான ரகங்களுக்கெல்லாம் ஸ்காட்டிஷ் மலைகளின் பெயர் வைப்பார்கள். அந்த வரிசையின் மூத்த பிள்ளை இது. இதை உருவாக்கியவர்களின் நோக்கமே பிந்திப் பூத்து உறைபனியிலிருந்து தப்பும் ரகம் வேண்டும் என்பதுதான். அதற்காக ஸ்வீடன், பின்லாந்து நாட்டு ரகங்களையும் கனடாவின் கான்சார்ட்டையும் அதன் வம்சத்தில் சேர்த்தார்கள். ஆக, கடையில் சொன்னது போலக் குளிர் தாங்காத செடி அல்ல அது. சுவரின் வெப்பம் அதன் பிந்திப் பூக்கும் குணத்தையே முறியடித்துவிட்டது.

கான்சார்ட் ஒட்டாவாவின் மத்திய சோதனைப் பண்ணையில் பிறந்தது. 1940களின் இறுதியிலும் 50களின் தொடக்கத்திலும் கரனெட், குரூசேடர், கான்சார்ட் என்று மூன்று சகோதர ரகங்கள் அங்கிருந்து வந்தன. ஐரோப்பிய பிளாக் கரன்ட்டையும் ரஷ்யத் தூரக்கிழக்கில் உசூரி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த காட்டுக் கரன்ட் ஒன்றையும் கலந்து உருவாக்கியவை. மூன்றில் கான்சார்ட்தான் தன் மகரந்தத்திலேயே நன்றாகக் காய்க்கும். பழம் சிறியது, வாசனை முரட்டுத்தனமானது, இலையில் சாம்பல் நோய் எளிதாக வரும். இருந்தும் தோட்டத்தில் வைத்துக்கொள்ளத் தகுந்த ரகம். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வடக்கு ஸ்வீடனில் பீத்தியோ நகரத்துக்குப் பக்கத்தில் ஓயெபின் என்ற ஊர் இருக்கிறது. வட அட்சம் 65-ஐ ஒட்டிய இடம். அந்த ஊரின் பெயரிலேயே உள்ள ரகம் பின்லாந்தின் பண்ணைகளில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. தண்டின் உறுதி என்று பார்த்தால் அதற்கு மிஞ்சியது குறைவு. ஆனால் இங்கே அது கிடைப்பது கடினம், அதனால் அதைத் தேடி அலையச் சொல்ல மாட்டேன்.

டைட்டேனியா 1980களில் ஸ்வீடனில் வெளியானது. அதன் ஒரு பக்கத்தில் சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் உருவான ஓர் இனிப்பு ரகம். மறுபக்கத்தில் நம் ஒட்டாவா கான்சார்ட்டும் பின்லாந்தின் கயானி ஊர்ப் பழைய ரகமும் சேர்ந்த கலப்பு. வம்சத்தைப் பார்த்தாலே தெரியும், மூன்று பக்கமும் கடுங்குளிர் நாடுகள். புதர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து வளரும், பழம் பெரியது, சாம்பல் நோய் அவ்வளவாக அண்டாது. ஒரே குறை, கொத்தில் உள்ள பழங்கள் ஒரே நேரத்தில் பழுக்காது. இயந்திரத்தால் அறுவடை செய்கிறவருக்கு அது தொல்லை. வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மூன்று முறை பறித்தால் போயிற்று. போலந்தில் டைட்டேனியாவையும் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸையும் கலந்து டைபென் என்ற ரகத்தை உருவாக்கினார்கள், பெயரிலேயே இரண்டு பெற்றோரும் இருக்கிறார்கள். அது கிடைத்தாலும் வாங்கலாம்.

இந்த ரகங்களில் கான்சார்ட்டையும் டைட்டேனியாவையும் நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் குளிர் அல்ல, பைன் மரங்கள். தோட்டக்காரர்கள் பலர் இதை யோசிப்பதில்லை, ஆனால் ராக்கி மலைக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் நாம் கட்டாயம் யோசிக்க வேண்டும். வெள்ளைப் பைன் துரு நோய் என்ற பூஞ்சை நோய் ஒன்று உண்டு. அதன் வாழ்க்கைச் சுற்றுக்கு இரண்டு வகைச் செடிகள் தேவை: ஒரு கொத்தில் ஐந்து ஊசியிலை உள்ள பைன் மரம் ஒன்று, கரன்ட் அல்லது கூஸ்பெரி இனச் செடி மற்றொன்று. கரன்ட்டுக்கு இதனால் பெரிய கேடில்லை. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும், இலை முன்னதாக உதிரும். பைன் மரத்துக்கோ அது சாவு. ஊசியிலை வழியாக உள்ளே போய், பட்டையைச் சுற்றி வளைத்து, சில ஆண்டுகளில் மரத்தையே கொன்றுவிடும்.

இந்த நோய் வட அமெரிக்காவுக்குரியதே அல்ல. மேற்குக் கரைக்கு அது 1910-இல் பிரான்ஸிலிருந்து வான்கூவருக்கு வந்த பைன் நாற்றுகளோடு வந்து சேர்ந்தது. கிழக்கிலும் அதே காலத்தில் ஐரோப்பிய நாற்றுகள் வழியாகத்தான். அமெரிக்காவில் பைன் மர வியாபாரத்தைக் காப்பாற்ற பிளாக் கரன்ட் வளர்ப்பதையே தடை செய்தார்கள், காட்டில் இருந்த கரன்ட் புதர்களை ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துப் பிடுங்கினார்கள். மத்திய அரசின் தடை 1966-இல் நீங்கியது, அதன் பிறகு முடிவு மாநிலங்களின் கையில். நியூயார்க் 2003-இல்தான் கதவைத் திறந்தது. அமெரிக்கர் பலருக்கு இன்றும் இந்தப் பழத்தின் சுவை தெரியாமல் போனதில் இந்தத் தடைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் பக்கத்து மலைகளில் வெண்பட்டைப் பைன், லிம்பர் பைன் என்று ஐந்து ஊசியிலைப் பைன்கள் இரண்டு இருக்கின்றன. பான்ஃப் பக்கம் உயரமான சரிவுகளில் நடந்தவர்கள் வெளுத்துப்போய் நிற்கும் செத்த மரங்களைப் பார்த்திருப்பீர்கள், அவற்றில் பலவற்றைக் கொன்றது இந்தத் துரு நோய். கனடா அரசு வெண்பட்டைப் பைனை 2012-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. அதன் விதைகளை நம்பிப் பறவைகளும் கரடிகளும் வாழ்கின்றன. கரன்ட்டிலிருந்து பைனுக்குப் போகும் வித்துகள் மென்மையானவை, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் நோயைப் பரப்பும். அதனால் நகரத் தோட்டத்துச் செடி ஒன்று மலையைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் எதிர்ப்புச் சக்தியுள்ள ரகம் கையில் இருக்கும்போது மற்றதை நடுவதற்கு நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மலையடிவாரத்தில் கேபின் வைத்திருப்பவர்கள் அங்கே எந்த ரகத்தையும் நடாமல் இருப்பதே நல்லது.

அந்த எதிர்ப்புச் சக்தி, மேலே சொன்ன உசூரிக் காட்டுச் செடியிடமிருந்து வந்த ஒற்றை மரபணு. கான்சார்ட் அதை டைட்டேனியாவுக்குக் கொடுத்தது. அந்த மரபணுவையும் தாண்டும் பூஞ்சை வகை ஒன்றை 2011-இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். எனவே டைட்டேனியா வைத்திருந்தாலும் ஜூலை, ஆகஸ்டில் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் மாகாண வேளாண் துறைக்கோ வனத்துறைக்கோ தெரியப்படுத்துங்கள்.

இனி நடவு. உங்கள் பழைய பென் லோமண்ட்டைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியில், மண் தோண்டும் பதத்துக்கு வந்ததும், மொட்டு விரியும் முன்னால் வேர்மண்ணோடு எடுத்து வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் மாற்றலாம். துரு நோய் விஷயத்தில் மனது ஒப்பவில்லை என்றால் அதைக் கைவிட்டு டைட்டேனியா வைத்துக்கொள்ளுங்கள், அதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

எந்தச் செடியானாலும் தொட்டியில் இருந்ததைவிட அரைச் சாண் ஆழமாக நடுங்கள். மற்ற பழச்செடிகளுக்கு இது கூடாது, இதற்கு இது அவசியம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும், மண்ணுக்கு அடியிலிருந்து புதுக்கிளைகள் தூர் கட்டி வரும். ஒரு கடுங்குளிர் ஆண்டில் மேலே உள்ளதெல்லாம் செத்தாலும் அடியிலிருந்து மீண்டு வரும். நட்டதும் எல்லாக் கிளைகளையும் தரையிலிருந்து இரண்டு மொட்டு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மனது கேட்காதுதான், ஆனால் செய்யுங்கள். அந்த ஆண்டுப் பழம் போகும், அதற்குப் பதில் உறுதியான தூர் கிடைக்கும். செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் இடைவெளி போதும்.

கல்கரியின் மண் களிமண், காரத்தன்மை உள்ளது. ப்ளூபெரி இங்கே திணறுவது அதனால்தான். பிளாக் கரன்ட் லேசான அமிலத்தை விரும்பினாலும் நம் மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். கம்போஸ்ட் தாராளமாகக் கலந்து, மேலே மரத்தூளோ இலைச்சருகோ அரைச் சாண் மூடாக்குப் போடுங்கள். வேர் மேலோட்டமானது, காயவிடக் கூடாது. தழைச்சத்துக்கு இது பசியுள்ள செடி, வசந்தத்தில் மக்கிய தொழு உரம் கொடுங்கள். ஜூலைக்குப் பிறகு உரம் கொடுக்காதீர்கள். கடைசி நேரத்தில் வந்த இளந்தளிர் கெட்டிப்படாமல் குளிரில் கருகும். அக்டோபரில் மண் உறையும் முன்னால் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். வேர் உறைந்திருக்கும்போது சினூக் தண்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உள்ளே இருப்பு இருந்தால்தான் தாங்கும். நகரத்து முயல்கள் பனிக்காலத்தில் இளங்கிளையைக் கடித்துத் தின்னும், கோழிவலை ஒரு சுற்று கட்டிவிடுங்கள்.

பூக்கும் நாட்களில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று அறிவிப்பு வந்தால் மாலையிலேயே பழைய பருத்திப் போர்வையால் புதரைத் தரை வரை மூடுங்கள். மண்ணின் வெப்பம் உள்ளே தங்க வேண்டும், அதனால் தரையைத் தொடுவது முக்கியம். காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு வராது. குளிர்ந்த நாட்களில் தேனீயைவிட பம்பிள் பீதான் வேலை செய்யும். தனியாகவும் காய்க்கும் செடிதான், ஆனால் இரண்டு ரகம் அருகருகே இருந்தால் பழம் பெரிதாகவும் கூடுதலாகவும் வரும். கான்சார்ட்டைத் துணைக்கு வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கவாத்து விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நல்ல பழம் போன ஆண்டு வளர்ந்த கிளையில்தான் வரும். சிவப்புக் கரன்ட் அப்படியல்ல, அது முதிர்ந்த கிளையில் காய்க்கும். இரண்டையும் ஒரே மாதிரி வெட்டி விளைச்சலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான்காம் ஆண்டு முதல், மார்ச் கடைசியில், கறுத்துத் தடித்த பழைய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு அறுத்துவிடுங்கள். வெளிர்நிறப் புதுக்கிளைகளைத் தொடாதீர்கள்.

பூச்சிகளில் இங்கே முக்கியமானது கரன்ட் பழ ஈ. காய் முன்னதாக நிறம் மாறி உதிரும், உள்ளே புழு இருக்கும். உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கி, கட்டி எறிய வேண்டும், மண்ணில் விட்டால் அடுத்த ஆண்டு அங்கிருந்தே வரும். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும்.

இன்னொன்று. லண்டனிலோ ஒஸ்லோவிலோ உறவினர் தோட்டத்தில் நல்ல செடி பார்த்தால் நாலு குச்சி வெட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அதைவிட, ஐரோப்பாவில் மொட்டை வீங்கவைக்கும் மிக நுண்ணிய சிலந்திப்பேன் ஒன்று பரவலாக உண்டு, அது சுமந்து வரும் வைரஸ் செடியை மலடாக்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது. இங்கேயே நல்ல செடி வைத்திருப்பவரிடம் அக்டோபரில் பென்சில் தடிமனுள்ள குச்சிகள் கேளுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு மொட்டு மட்டும் தெரிய மண்ணில் செருகினால் பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். போத்து வைப்பதற்கு இவ்வளவு எளிதான பழச்செடி குறைவு.

அறுவடை ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பழம் கறுத்ததும் பறிக்காமல் ஒரு வாரம் விடுங்கள், புளிப்பு அடங்கி மணம் ஏறும். நன்றாக வளர்ந்த புதர் மூன்று நான்கு கிலோ தரும். பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம் தானாகவே இறுகும். எங்கள் வீட்டில் பாதி ஜாமுக்கும், பாதி நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் வெந்தயமும் சேர்த்துத் தொக்குக்கும் போகும், மாங்காய்த் தொக்கை விரும்புகிறவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். ஒவ்வொரு பழமாகக் காம்பு கிள்ளிக்கொண்டு உட்கார வேண்டாம். கொத்தோடு தட்டில் பரப்பி ஃப்ரீஸரில் வைத்து, நன்றாக உறைந்த பிறகு ஒரு பைக்குள் போட்டுக் குலுக்குங்கள், காம்புகள் தாமாகவே ஒடிந்து வந்துவிடும்.